நம் பிள்ளைகளுக்கு நாம் எழுதும் துண்டு

(ஞாயிற்றுக்கிழமை மேல் பிரிவுப் பிள்ளைமடுவ முற்றத்தில் நடந்த பெற்றோர், இளைஞர் கூட்டத்தில் தோட்டப் பாடசாலை ஆசிரியையும் எமது சங்க அமைப்பாளருமான சகோதரி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



மழை வரும் போலிருக்கிறது. கிழமை முழுக்க மலையில் நின்றவர்களுக்கு இன்று ஒரு நாள்தான் ஓய்வு. அதையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். இன்று நான் சம்பளத்தைப் பற்றிப் பேச வரவில்லை. நம் வீட்டுக்குள் நடக்கும் ஒரு வழக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்த வழக்கில் நானும் ஒரு குற்றவாளி.

கடந்த வருடம் ஒரு நாள் இரவு எட்டு மணியிருக்கும். கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால், நம் தோட்டத்துத் தகப்பன் ஒருவர், அவர் மனைவி, பின்னால் தலையைக் குனிந்தபடி அவர்களுடைய மகன். பெயர் வேண்டாம். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. பையன் என்னிடம் படித்தவன். உயர்தரத்தில் கலைப்பிரிவில் மூன்று பாடமும் சித்தி. ஆனால் பல்கலைக்கழகம் போகப் புள்ளி காணாது.

தகப்பன் சொன்னார்: "டீச்சர், இவனுக்கு நீங்கதான் புத்தி சொல்லணும். எங்க பேச்சு எடுபடல."

என்னவென்று விசாரித்தேன். தகப்பனுக்கு மகன் கொழும்புக்குப் போக வேண்டும். புறக்கோட்டையில் மாமன் வேலை செய்யும் கடையில் இடம் இருக்கிறது. தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, மாதம் முடிந்தால் கையில் காசு. மூத்த மகளின் கலியாணக் கடன் இன்னும் அடைபடவில்லை. அடகில் இருக்கும் நகைக்கு வட்டி ஏறிக்கொண்டு போகிறது.

தாய்க்கு வேறு நினைப்பு. "நான் இன்னும் ரெண்டு மூணு வருசத்துல நின்னுருவேன். அதுக்குப் பொறகு எங்க வீட்டுல தோட்டத்துல யாருக்குமே பேரு இல்லன்னா, காம்பராவக் குடுன்னு கேட்டா எங்க போறது? இவன் தோட்டத்துல பேரு பதிஞ்சா வீடு நிக்கும்."

எனக்கும் ஒரு திட்டம் இருந்தது. அவன் இன்னொரு முறை உயர்தரம் எழுத வேண்டும், பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரிக்குப் போக வேண்டும், ஆசிரியராக இதே பாடசாலைக்குத் திரும்பி வர வேண்டும். அதை நான் அவனுக்குப் பத்தாம் வகுப்பிலிருந்தே சொல்லி வந்திருக்கிறேன்.

ஆக ஒரு பிள்ளைக்கு மூன்று பேர் மூன்று பாதை வெட்டி வைத்திருந்தோம். அவன் எந்தப் பாதையில் போக விரும்புகிறான் என்று மூன்று பேருமே கேட்கவில்லை. அன்று இரவுதான் கேட்டோம். அவன் மெதுவாகச் சொன்னான்: "நான் கராஜ் வேலை படிக்கப் போறேன் டீச்சர். டவுன்ல ஒரு பாஸ் சேர்த்துக்கிறேன்னு சொல்லியிருக்காரு."

அவன் சின்ன வயதிலிருந்தே கொழுந்து லொறி வந்து நின்றால் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவன். அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை நாம் விளையாட்டு என்று நினைத்தோம். அவனோ அதை வாழ்க்கையாக நினைத்திருக்கிறான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இன்று உங்கள் முன் சொல்ல வெட்கமாக இருக்கிறது. "மூன்று பாடம் சித்தியடைந்த பிள்ளை எண்ணெய்ப் பிசுக்கில் புரளவா இத்தனை வருடம் படித்தாய்?" என்று கேட்டேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். கோபமில்லை. "மே தினத்துல மேடையில ஏறி, ஒழைக்கிற கைதான் ஒசந்த கைன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க. அது கொழுந்துக் கைக்கு மட்டுமா?"

தோழர்களே, அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் கொழுந்தெடுத்த தாயின் மகள். அம்மாவின் விரல்களில் கொழுந்துச் சாயம் கறுப்பாக ஏறியிருக்கும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பாடசாலைக் கூட்டத்துக்கு வரும்போது அம்மா அந்தக் கையைச் சேலை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வார். அதைப் பார்த்து அழுதவள் நான். அந்தக் கை ஏன் வெட்கப்பட வேண்டும் என்று கேட்டுத்தான் இந்தச் சங்கத்துக்கு வந்தேன். அப்படி வந்தவளே இன்னொரு பிள்ளையின் கையில் பிசுக்குப் படுவதை இழிவாக நினைத்துவிட்டேன். துரைமார் நம் தலையில் ஏற்றி வைத்த நினைப்பு அது. படித்தவன் கையில் அழுக்குப் படக்கூடாது, அழுக்குப் பட்டவன் படித்தவனில்லை என்ற நினைப்பு. அது என் தலையிலும் இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். ஏனென்றால் தன் வழியைத் தானே தெரிவு செய்வது என்பது நம் சனத்துக்குச் சின்ன விஷயமல்ல. அது இருநூறு வருடமாக நமக்கு மறுக்கப்பட்ட விஷயம்.

நம் பாட்டன் பூட்டன்மார் தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்கள் ஏராளம். முதலில் கோப்பி. 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்து அந்தத் தொழில் அழிந்த பின் தேயிலை. கங்காணி கொடுத்த முற்பணம் அவர்கள் தலையில் கடனாக ஏறியது. அந்தக் கடனுக்கு ஒரு காகிதம் இருந்தது. அதற்குப் பெயர் துண்டு. ஒரு தொழிலாளி இந்தத் தோட்டத்தை விட்டு அடுத்த தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், அவன் கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டு வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் அவன் நகரலாம். கடன் மட்டும் அவன் பெயரில் இருந்தது, கால் அவனுடையதாக இல்லை. 1921இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

அதற்குப் பிறகாவது வழி திறந்ததா? 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நம்மை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடமே வாக்குரிமையும் போனது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். இரண்டு நாட்டுப் பிரதமர்கள் மேசையில் உட்கார்ந்து நம்மைப் பங்கு போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். எந்தத் தாயிடமும், எந்தப் பிள்ளையிடமும் நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்கவில்லை. தலைமன்னாருக்குச் சனத்தை ஏற்றிப் போன ரயிலுக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று பிரிந்த குடும்பம் இந்த லயங்களில் எத்தனை இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். மிச்சமிருந்தவர்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்வுக்கு வந்தது.

இப்படியான காலத்திலும் தன் வழியைத் தானே எடுத்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். சி. வி. வேலுப்பிள்ளை. 1914இல் வட்டகொடைப் பக்கம் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். தொழிலாளி வீட்டுப் பிள்ளையல்ல, கங்காணி குடும்பத்துப் பிள்ளை. கொழும்பில் நாலந்தாவில் படித்தார். ஆங்கிலத்தில் கவிதை எழுதும் அளவுக்குப் படித்தார். அந்தக் காலத்தில் அந்தப் படிப்புக்கு என்ன மதிப்பு என்று யோசித்துப் பாருங்கள். கோட்டுப் போட்ட உத்தியோகம் ஒன்றைப் பார்த்துக்கொண்டு கொழும்பிலேயே இருந்திருக்கலாம். இல்லையென்றால் தோட்டத்துக்கு வந்து, தன் குடும்பம் நின்ற இடத்திலேயே, தொழிலாளிக்கு மேலே நின்றிருக்கலாம். இரண்டு பாதையும் தயாராக இருந்தது.

அவர் இரண்டிலும் போகவில்லை. தொழிற்சங்கத்துக்கு வந்தார். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றத்துக்குப் போனார்கள். அதில் தலவாக்கலைத் தொகுதிக்கு அவர். நம் சனத்தின் வாக்கு பறிக்கப்பட்டபோது அந்தக் கதிரையும் போனது. கதிரை போனதோடு அவர் திரும்பிப் போய்விடவில்லை. கடைசிவரை சங்க வேலையும் எழுத்துமாகவே இருந்தார். மலையில் நம் பாட்டிமார் பாடிய பாட்டுகளைத் தேடித் தேடி எழுதி வைத்தார். அவர் அதைச் செய்திராவிட்டால் அதில் எவ்வளவு நம் கையில் இருந்திருக்கும்? அவர் எழுதிய ஒரு நாவலுக்குப் பெயர் 'வீடற்றவன்'. 1984இல் காலமானார்.

நான் இதைச் சொல்வது, எல்லாப் பிள்ளையும் கவிஞராகவோ பாராளுமன்ற உறுப்பினராகவோ வர வேண்டும் என்பதற்காக அல்ல. நாம் இன்று அவரை மதிப்பது எதற்காக? பிறந்த வீடு காட்டிய பாதையில் போகாமல், தன் மனசு காட்டிய பாதையில் போனதற்காக. நம் சங்க அலுவலகச் சுவரில் படம் மாட்டுகிறோம், நினைவு தினம் கொண்டாடுகிறோம். ஆனால் நம் வீட்டிலேயே ஒரு பிள்ளை அப்படி நின்றால், "சொன்ன பேச்சுக் கேட்காதவன்" என்கிறோம்.

தாய்மாரே, தகப்பன்மாரே, உங்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்தத் தகப்பனின் பயம் பொய்யல்ல. வட்டி பொய்யல்ல. அந்தத் தாய் வீட்டைப் பற்றிச் சொன்னதும் பொய்யல்ல. தோட்டத்தில் பெயர் இருந்தால்தான் காம்பரா என்ற நிலையில் நம்மை வைத்திருக்கிறார்கள். நம் தாய் தகப்பன், அவர்களுடைய தாய் தகப்பன் பிறந்து செத்த வீட்டுக்கு நம்மிடம் ஒரு காகிதம் கிடையாது. ஆகவே ஒவ்வொரு குடும்பமும் ஒரு பிள்ளையை வீட்டுக்கு வாடகையாகக் கொடுக்கிறது. நான் சொல்வது புரிகிறதா? காம்பராவுக்கு நாம் காசாக வாடகை கட்டுவதில்லை, பிள்ளையாகக் கட்டுகிறோம்.

பழைய துண்டு 1921இல் போய்விட்டது. ஆனால் கடன் என்றும், காம்பரா என்றும், சொந்தக்காரர் பேச்சு என்றும் புதிய துண்டு ஒன்றை நாமே எழுதி, நம் பிள்ளையின் சட்டைப் பையில் வைக்கிறோம். அதை எழுதும் கை நம்முடையதுதான். ஆனால் எழுத வைப்பது நம் வறுமை. இதை மறந்துவிட்டுப் பெற்றோரை மட்டும் திட்டுவது சுலபம். அதைச் சங்கம் செய்யக்கூடாது.

சரி, அந்தப் பையன் விஷயம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அடுத்த ஞாயிறு நான் அவர்கள் லயத்துக்குப் போனேன். முதலில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு நாலு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு கொப்பியில் எழுதினோம். கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தாயின் சம்பளம் எவ்வளவு, பயிற்சிக் காலத்தில் அவனுக்குக் கிடைக்கும் சிறு தொகை எவ்வளவு, பஸ் காசு எவ்வளவு. கணக்குச் சரியாக வரவில்லை. மாதம் துண்டு விழுந்தது. அப்போது அவன் ஒரு வழி சொன்னான். ஞாயிற்றுக்கிழமையும் போயா நாளும் கொந்தரப்பு வேலைக்குப் போகிறேன், ஒரு வருடம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றான். தகப்பன் நீண்ட நேரம் பேசவில்லை. வெளியே போய் ஒரு வெற்றிலை போட்டுவிட்டு வந்தார். "ஒரு வருசம். அதுக்குப் பொறகு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு நெனைக்காத" என்றார். அதுதான் அவர் கொடுத்த சம்மதம்.

நாங்கள் அவனை வெறுமனே கராஜில் எடுபிடியாக விடவில்லை. தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை, நைட்டா என்று சொல்வார்களே, அதன் வழியாகப் பயிலுனராகப் பதிவு செய்தோம். தம்பிமார் இதைக் கவனமாகக் கேளுங்கள். பாஸுக்குப் பின்னால் பத்து வருடம் நின்று தொழில் படித்தாலும், கையில் சான்றிதழ் இல்லாவிட்டால் உங்களுக்கு வெளியில் மதிப்பில்லை. என்.வி.கியூ என்ற தேசிய தொழிற் தகைமையில் ஏழு மட்டங்கள் உண்டு. நாலாம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாம் மட்டம் பட்டத்துக்குச் சமம். கராஜில் தொடங்குகிறவனுக்கும் மேலே ஏறிப் போக ஏணி இருக்கிறது. அந்த ஏணி எங்கே இருக்கிறதென்று எனக்கே அன்றுவரை சரியாகத் தெரியாது. பாடசாலையில் நாங்கள் பல்கலைக்கழகம் ஒன்றைத்தான் காட்டிக்கொண்டிருந்தோம். அங்கே போகாதவன் தோற்றவன் என்று சொல்லாமல் சொல்லி வந்திருக்கிறோம்.

பதிவு செய்யப் போனபோது இன்னொரு சிக்கல். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. திருத்துவதற்குள் அந்தத் தாய் மூன்று நாள் பேரை இழந்து அலைந்தார். ஆகவே இன்றே வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் விவாகச் சான்றிதழ், அடையாள அட்டை, மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா? இல்லாவிட்டால் பிள்ளை சின்னவனாக இருக்கும்போதே திருத்துங்கள். எழுத வாசிக்கச் சிரமமென்றால் மாதர் சங்கத்திடம் கொண்டு வாருங்கள். சனிக்கிழமை பின்னேரம் நான் இங்கேதான் இருப்பேன்.

இப்போது அவனுக்கு ஒரு வருடம் முடிந்து இரண்டு மாதம். கடன் முழுதாக அடைபடவில்லை. வீட்டுப் பிரச்சினை அப்படியே இருக்கிறது. தாய் இன்னும் மலைக்குப் போகிறார். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் போன மாதம் கொழுந்து லொறி சந்தியில் நின்றுவிட்டது. மலையில் நிறுத்த கொழுந்து வெயிலில் வாடிக்கொண்டிருந்தது. அன்று வீட்டில் நின்ற அவன்தான் கீழே புகுந்து அதைக் கிளப்பி விட்டான். லொறிக்குக் கீழிருந்து எழுந்து வந்தபோது முகமெல்லாம் கறுப்பு. அவன் தகப்பன் பக்கத்தில் நின்றவரிடம், "ஏ மவன்தான்" என்றார். நான் என் காதால் கேட்டேன்.

இனி நாம் என்ன செய்ய வேண்டும்? மூன்று பேருக்கு மூன்று விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

முதலில் பெற்றோருக்கு. பிள்ளையிடம் கேளுங்கள். கேட்டதெல்லாம் கொடுக்கச் சொல்லவில்லை, கேட்கச் சொல்கிறேன். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை எவர் வந்து கேட்டாலும் வேலைக்கு அனுப்பாதீர்கள், அது சட்டவிரோதம். கடையோ, கம்பனியோ, பெரிய பிள்ளை போவதென்றால் நியமனக் கடிதம் தருவார்களா, ஊழியர் சேமலாப நிதி கட்டுவார்களா என்று கேளுங்கள். முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். மாமன் வேலை செய்யும் கடையாக இருந்தாலும் கேளுங்கள். இவ்வளவையும் ஆண் பிள்ளைக்கு மட்டும் சொல்லவில்லை. பெண் பிள்ளையிடம் நாம் கேட்பதே இல்லை. அவளுக்கு மாப்பிள்ளை எது என்றுதான் பேசுகிறோம், வழி எது என்று பேசுவதில்லை. அடுத்த கூட்டம் அதற்காகத்தான்.

இரண்டாவது, தம்பி தங்கைமாருக்கு. உன் வழியை நீ எடு. ஆனால் கணக்கோடு எடு. அந்தப் பையன் "எனக்கு இதுதான் பிடிக்கும்" என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் அவன் பக்கம் நின்றிருப்பேனோ தெரியாது. கொப்பியில் எழுதிய கணக்குக்கு முன் உட்கார்ந்து, என் பங்கு இவ்வளவு என்றும் சொன்னான். அம்மாவின் முதுகில் ஏறிக்கொண்டு போகும் வழி உன் வழியல்ல. போதையும் கைப்பேசியும் இழுத்துப் போகும் வழியும் உன் வழியல்ல, அது வேறொருவன் காசு பார்க்கும் வழி.

மூன்றாவது, நம் சங்கத்துக்கு. கூலிக்காகப் போராடினோம், போராடுவோம். ஆனால் வீடு வேலையிலிருந்து பிரியாதவரை நம் பிள்ளைகளின் கால் கட்டப்பட்டே இருக்கும். ஆகவே 7 பேர்ச் காணியும் உறுதிப் பத்திரமும் என்ற கோரிக்கையை, செங்கல், சீமெந்துக் கோரிக்கையாக மட்டும் பார்க்காதீர்கள். ஒரு பிள்ளை டாக்டராகவோ, கராஜ் பாஸாகவோ, நாளைக்குத் தானே விரும்பித் தேயிலைத் தொழிலாளியாகவோ வருவதற்கான கோரிக்கை அது. விரும்பி வந்தால் கொழுந்தெடுப்பதும் ஒரு தொழில். வேறு வழியில்லாமல் வந்தால்தான் அது விலங்கு. நம் கமிட்டி வரும் மாதத்திலிருந்து பெயர், வயது, படிப்பு, விருப்பம் என்று நாலு பத்தியோடு ஒரு புத்தகம் வைக்கப் போகிறது. பாடசாலையை விட்ட ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் அதில் இருக்க வேண்டும். நாலாவது பத்தியை வேறு யாரும் நிரப்பக்கூடாது. பிள்ளையே தன் கையால் நிரப்ப வேண்டும்.

மழை வந்துவிட்டது. கூடை, படங்கு எல்லாம் வெளியில் இருக்கும். போய் எடுங்கள். போகும் வழியில் உங்கள் பிள்ளை பக்கத்தில் வந்தால், "உனக்கு என்ன விருப்பம்?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். என் மாணவன் ஒருவனிடம் அதைக் கேட்க எனக்குப் பல வருடம் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு காலம் பிடிக்க வேண்டாம்.